பவளத் தொட்டி: வளர்க்கும் முறையும் வணிகர் அறிய வேண்டியதும்

பொங்கலுக்கு மறுவாரம் நமது சங்க அலுவலகத்துக்கு மளிகைக் கடை உறுப்பினர் ஒருவர் வந்தார். கையில் வழவழப்பான வண்ணத் தாள் ஒன்று. வீட்டிலேயே பவளம் வளர்க்கலாம், தொட்டி, உப்பு, விளக்கு, தாய்ப் பவளம் அனைத்தையும் நாங்களே தருவோம், வளர்ந்ததை நாங்களே திரும்ப வாங்கி ஏற்றுமதி செய்வோம் என்று அதில் அச்சிட்டிருந்தது. முன்பணம் ஒன்றரை இலட்சம் ரூபாய். உறுப்பினரின் இளைய மகன் பட்டம் முடித்துவிட்டுக் கடையில் உட்கார மனமில்லாமல் இருக்கிறான். கடைக்குப் பின்னால் ஒரு சரக்கறை காலியாகக் கிடக்கிறது. ஒரு மாதம் தள்ளித் தேதியிட்டுக் காசோலையும் கொடுத்துவிட்டார். “இது சரிப்படுமா, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்” என்றார்.

உண்மையைச் சொன்னால், பவளம் என்றால் மோதிரத்தில் பதிப்பது என்பதற்கு மேல் அன்று நமக்கும் தெரியாது. தாளில் போட்டிருந்த இலாபக் கணக்கைப் பார்த்து நாமும் இரண்டு நாள் மயங்கித்தான் போனோம். நல்ல வேளையாக, மற்றோர் உறுப்பினரின் மருமகன் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலை. 15 ஆண்டுகளுக்கு மேலாக வீட்டின் நிலவறையில் பவளம் வளர்த்து, வெட்டி, நண்பர்களுடன் மாற்றிக் கொள்பவர். மூன்று மாலை நம்முடன் உட்கார்ந்து பாடம் சொன்னார். கேட்டதை நமது வணிகர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறோம். உறுப்பினரின் கேள்விக்கு விடை கடைசியில் வரும். தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் விடையை மட்டும் படித்தால் அடுத்த வண்ணத் தாளில் மறுபடியும் ஏமாறுவோம்.

பவளம் என்பது கல் அல்ல

நகைக்கு வரும் செம்பவளம் வேறு வகை. அதை இங்கே பேசவில்லை. தொட்டியில் வளர்ப்பது பவளப்பாறையைக் கட்டும் உயிர். மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வது இதைத்தான். சின்னஞ்சிறு பூ மாதிரியான விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து அவை அடியில் கல்லாக வைத்துக்கொண்டே போகின்றன. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கு கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் இந்தப் பாசி வெளியேறிப் பவளம் வெள்ளையாகிவிடும். நமது மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் இப்படி வெளிறியது.

ஆகவே வளர்ப்பவருக்கு வேண்டியவை நான்கு: சுத்தமான உப்பு நீர், சூடு ஏறாமை, நல்ல வெளிச்சம், நீரோட்டம். கேட்க எளிது.

வீட்டில் இதைச் செய்யலாம் என்று முதலில் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கடல்நீர், காற்றுக் குமிழி இவற்றை வைத்தே அவர் நடத்தினார். 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் அவர் முறை வெளிவந்தது. அதன்பின் ஜெர்மனியில் வளர்த்தெடுத்ததைப் ‘பெர்லின் முறை’ என்கிறார்கள். உயிர்ப்பாறை, அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி, பலமான விளக்கு, சுண்ணாம்பு நீர். இன்றுவரை அடிப்படை அதுதான்.

தொட்டியும் தண்ணீரும்

பார்ப்பதற்கு வைக்கும் தொட்டி உயரமாக இருக்கும். வெட்டி வளர்ப்பதற்கு உயரம் வேண்டாம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி உயரம் போதும். வெளிச்சம் அடிவரை சமமாக விழும், கையும் எட்டும். அதில் சுமார் 226 லிட்டர் கொள்ளும். கீழே இன்னொரு தொட்டி வைத்து, நுரை தள்ளியையும் மற்றக் கருவிகளையும் அதில் இறக்கிவிடுவார்கள். இரண்டும் சேர்த்து 300 லிட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்டது. 300 லிட்டருக்கு பத்தரைக் கிலோ. கடைகளில் விற்கும் கல் உப்போ தூள் உப்போ இதற்கு ஆகாது. கால்சியம், மக்னீசியம் முதலியவை அளவோடு கலந்த தனி உப்பு வருகிறது. கரைக்கும் தண்ணீர் ஆர்.ஓ. வழியாக வந்து, அதற்கு மேலும் ஒரு பிசின் வடிகட்டியைத் தாண்டியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் ஆழ்துளைத் தண்ணீரிலும் உள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியைக் கிளப்பிவிடும்.

பால் வியாபாரிக்கு லாக்டோமீட்டர் போல இவர்களுக்கு அடர்த்திமானி. 1.025 அல்லது 1.026 காட்ட வேண்டும். இங்கேதான் புதியவர் பலர் தவறு செய்கிறார்கள். மருமகனும் முதல் ஆண்டில் செய்தார். தொட்டியிலிருந்து நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. அவர் குறைந்த அளவுக்கு உப்பு நீரையே ஊற்றிக்கொண்டு வந்தார். நாளுக்கு 140 கிராம் உப்பு கூடியது. பத்து நாளில் 1,400 கிராம். 35 கிராமாக இருந்த லிட்டர் 40 கிராமை நெருங்கிவிட்டது. பவளம் சுருங்கிக்கொண்ட பிறகுதான் ஏன் என்று யோசித்தாராம். ஆவியானதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். “இருப்புக் குறிப்பேடு எழுதாத கடை மாதிரி நடத்தினேன் மாமா” என்று சிரித்தார். இப்போது அவரிடம் உள்ள நோட்டில் ஒவ்வொரு நாளும் வெப்பம், உப்பு, சுண்ணாம்புச் சத்து எழுதியிருக்கிறது. நம்மில் பலருடைய நாளேட்டைவிட அது ஒழுங்காக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உயிர்ப்பாறையை இறக்கியவுடன் பவளத்தை வைக்கக் கூடாது. பாறையில் இறந்த உயிர்களிலிருந்து அம்மோனியா கிளம்பும். அதை நைட்ரைட் ஆக்கவும், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கவும் இருவகை நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் பவளம். முதலில் உறுதியான மென்பவள வகை, பல மாதம் கழித்துத்தான் கிளை விடும் கல் பவளம்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் சூடேற்றி வேண்டும். நமது ஊரிலோ ஆண்டில் பெரும்பகுதி குளிரூட்டி வேண்டும். விளக்குக்கு முன்பு மெட்டல் ஹாலைடு, பிறகு குழல் விளக்கு, இப்போது எல்.ஈ.டி.; அதில் நீலம் கூடுதலாக இருக்கும் என்பதோடு விட்டுவிடுகிறோம்.

மின்சாரக் கணக்கை நாமே போட்டுப் பார்த்தோம். விளக்கு 200 வாட், 9 மணி நேரம்: 1.8 யூனிட். பம்புகள் 60 வாட், இரவு பகல்: 1.44 யூனிட். குளிரூட்டி 300 வாட், 12 மணி நேரம்: 3.6 யூனிட். நாளொன்றுக்கு 6.84. இரண்டு மாதப் பில்லில் 410 யூனிட். கடை இணைப்பில் வைத்தால் வணிகக் கட்டணம். வண்ணத் தாளில் மின்சாரம் என்ற வரியே இல்லை.

மின்தடையும் சொல்ல வேண்டும். 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் நியூ ஜெர்சியைத் தாக்கியபோது அவர் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. பம்பு நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறையும், சூடேற்றி நின்றால் குளிர்ந்துவிடும். மின்கலக் காற்றுக் குமிழியை வைத்துப் பாதியைக் காப்பாற்றினார். மீதி போய்விட்டது. ஏழு ஆண்டு வளர்ந்த ஒரு பவளத்தை வாளியில் அள்ளி வெளியே கொட்டினேன் என்று சொல்லும்போது அவர் குரல் மாறியது.

நம் கடைச் சரக்கே மருந்து

பாடத்தில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பவளம் வளர வளரத் தண்ணீரில் உள்ள கால்சியமும் காரத்தன்மையும் குறையும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் இருக்க வேண்டும். காரத்தன்மையை டி.கே.எச். என்ற அளவில் பார்க்கிறார்கள், 8 அல்லது 9 நல்லது. காரத்தன்மை 1 இறங்கினால் கால்சியம் சுமார் 7 மில்லிகிராம் இறங்கியிருக்கும். இரண்டும் எப்போதும் ஒரே விகிதத்தில்தான் செலவாகும். அரிசியும் உளுந்தும் மாவுக்குப் போவது போல.

குறைந்த காரத்தன்மையை எதைக் கொண்டு ஏற்றுகிறார்கள்? ஆப்பச்சோடா! 300 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்றச் சுமார் 9 கிராம் போதும். கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு. இரண்டையும் தனித்தனியே கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஒரே பாத்திரத்தில் கலந்தால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகிப் படிந்துவிடும்.

பழைய முறை இன்னும் எளிது. 1970-களில் சுவிட்சர்லாந்துக்காரரான பீட்டர் வில்கன்ஸ் பரப்பியது. ஜெர்மன் மொழியில் ‘கால்க்வாசர்’. பொருள் சுண்ணாம்பு நீர். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை ஆவியான தண்ணீருக்குப் பதிலாக இரவில் சொட்டவிடுவது. கால்சியமும் காரமும் சேர்ந்தே போய்ச் சேரும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதே பொருள்தான். ஆனால் அதைத் தொட்டியில் போடக் கூடாது, கலப்படமில்லாத உயர்தரச் சுண்ணாம்புதான் வேண்டும். தெளிநீரின் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். ஒரே தடவையில் கொட்டினால் அத்தனையும் சாகும்.

சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்க்கிறார்கள். நாமோ ஒரு காலத்தில் பவளத்தைக் கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கினோம். தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளை ஒட்டிய பாறைகளைப் பெயர்த்துச் சூளைக்கும் கார்பைடு ஆலைக்கும் பல பத்தாண்டுகள் ஏற்றினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற 2 தீவுகள் நீருக்குள் மறைந்ததற்கு இதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

வெட்டி வளர்த்தல்

கிளைப் பவளத்தை எலும்பு வெட்டும் கத்தரியால் 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டாக நறுக்குகிறார்கள். தட்டையாகவோ உருண்டையாகவோ இருந்தால் வைரத்தூள் பூசிய வாள். துண்டைச் சுட்ட மண் குமிழ் ஒன்றில் உடனடிப் பசையால் ஒட்டுகிறார்கள். உடைந்த பொம்மையை ஒட்ட நாம் விற்கும் அதே சயனோ அக்ரிலேட் பசை, கூழ் வடிவில். அது தண்ணீருக்குள்ளும் இறுகும். குமிழ்களைப் பிளாஸ்டிக் சட்டத்தில் நாற்றங்கால் போல வரிசையாக நிறுத்துகிறார்கள். சில வாரங்களில் துண்டு தன் அடியை விரித்துக் குமிழைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் வகைக்கேற்ப ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். வேகமான கிளைப் பவளம் 10 சென்டிமீட்டரையும் எட்டும்.

ஓர் எச்சரிக்கை. பொத்தான் போன்ற ‘சோயாந்திட்’ என்ற வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாட்டில் உண்டு. புதிதாக வரும் எந்தத் துண்டையும் மருந்து நீரில் முக்கி, தனித் தொட்டியில் சில வாரம் வைத்துத்தான் மற்றவற்றோடு சேர்க்கிறார்கள். தட்டைப்புழு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் தொட்டியே காலி.

அங்கே விற்பனை நடக்கும் விதம்

அமெரிக்காவில் இப்படி வளர்ப்போர் பெரும்பாலும் பண்டமாற்றுக்காரர்கள். ஊர்தோறும் சங்கம் வைத்து மாற்றிக்கொள்ளும் சந்தை நடத்துகிறார்கள். மீன் கடைக்காரர் துண்டுகளை வாங்கிக்கொண்டு பெரும்பாலும் ரொக்கம் தருவதில்லை. கணக்கில் வரவு வைத்து உப்பும் தீனியும் கொடுப்பார். இந்தோனேசியா 2018-இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020-இல் வளர்த்த பவளத்துக்கு மட்டும் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் வீட்டில் வளர்த்த துண்டுகளுக்குக் கிராக்கி கூடியது என்றார் மருமகன்.

“புது நிறம் ஒன்று வந்தால் முதலில் நல்ல விலை. வாங்கியவர் ஒவ்வொருவரும் வளர்த்து வெட்டுவார். இரண்டு மூன்று ஆண்டில் விலை விழுந்துவிடும்” என்றும் சொன்னார்.

இதை நமது மளிகை உறுப்பினர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். நம்மிடம் அரிசி வாங்குபவர் அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த மாதம் மறுபடி வருவார். பவளம் வாங்குபவர் அடுத்த ஆண்டு நமக்கு எதிர்க்கடை போடுவார். ஒரு தாய் ஆண்டுக்கு 5 துண்டு, ஒவ்வொரு துண்டும் அடுத்த ஆண்டு 5 என்றால், மூன்றாம் ஆண்டில் 125. இத்தனையும் யார் வீட்டுக்குப் போகும்? வளர்ப்பவர் இன்னொரு வளர்ப்பவருக்கு விற்கும் வரை மட்டுமே விலை நிற்கும் தொழில் இது. ஈரோட்டுப் பக்கம் 2012-இல் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததைப் பார்த்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நமது நாட்டுச் சட்டம்

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டு நடப்பு. நமது நாட்டில் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானைக்குச் சமமாக, பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல் பவளம் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழல் பவளம், கடல் விசிறி ஆகியவை அதில் அடங்கும். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் அட்டவணை உயிரில் வியாபாரம் செய்தால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கடலில் எடுத்ததல்ல, பண்ணையில் வளர்ந்தது என்று பேசிப் பயனில்லை. வளர்ப்பில் பிறந்ததும் சட்டத்துக்குள் வருகிறது. வணிகத்துக்காக ஏற்றுமதி செய்யவும் இடமில்லை. உலக அளவிலும் கல் பவளம் அனைத்தும் 1990 முதல் அருகிவரும் உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்காவுக்குள் வரும் துண்டுக்குக்கூடத் தாள் வேண்டும்.

தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்தில் கட்டிக் கடலில் நட்டு அழிந்த பாறையை மீட்டு வருகிறார்கள். அது வனத்துறை அனுமதியுடன் நடக்கும் மீட்புப் பணி. விற்பனைக்கு அல்ல. வண்ணத் தாளில் அச்சிட்டிருந்த படங்களில் ஒன்று அப்படிப்பட்ட சட்டத்தின் படம் என்று மருமகன் காட்டினார்.

மென்பவளத்துக்குத் தடை இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். எது மென்பவளம், எது கடல் விசிறி என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பிரித்தறிய நம்மால் முடியாது. மாவட்ட வன அலுவலரிடம் எழுத்துமூலம் பதில் வாங்காமல் அதிலும் இறங்க வேண்டாம்.

இதைவிட அவசரமான செய்தி ஒன்று. பூஜைப் பொருளும் நாட்டு மருந்தும் விற்கும் உறுப்பினர்கள் தங்கள் அலமாரியை இன்றே பார்க்க வேண்டும். ‘இந்திரஜால்’ என்ற பெயரில், கண்ணேறு கழியும் என்று சட்டம் போட்டு வரும் காய்ந்த கருஞ்செடி செடியே அல்ல. கடல் விசிறி அல்லது கருப்புப் பவளம். அதுவும் முதல் அட்டவணைதான். காட்சிக்கு வைத்த காய்ந்த வெள்ளைப் பவளக் கல்லும் அப்படியே. மொத்த வியாபாரி பில்லில் ‘மூலிகை’ என்று எழுதியிருந்தாலும் கடைக்காரர் தப்ப முடியாது. சரக்கு இருந்தால் விற்றுத் தீர்க்கவோ திருப்பி அனுப்பவோ வேண்டாம். சங்க வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனச்சரக அலுவலரிடம் ஒப்படையுங்கள். பிசினில் வார்த்த செயற்கைப் பவளம் விற்பதற்குத் தடையில்லை. பில்லில் ‘செயற்கை’ என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கடல் தொட்டி வியாபாரமே கூடாதா என்றால் அப்படியில்லை. தொட்டி, உப்பு, ஆர்.ஓ. கருவி, பம்பு, சோதனைப் பெட்டி, தீனி எல்லாம் சாதாரணச் சரக்குதான். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. நன்னீர் வண்ண மீனுக்குச் சென்னை கொளத்தூர் போதும்.

உறுப்பினர் மறுநாள் காலையே வங்கிக்குச் சென்று காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திட்டக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, “முதல் அட்டவணை பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தருகிறீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டோம். திருப்பி அழைப்பதாகச் சொன்னார். இதழ் அச்சுக்குப் போகும் வரை அழைக்கவில்லை. மகன் மருமகனின் நோட்டைப் படி எடுத்து வைத்துக்கொண்டு, சென்ற வாரம் மண்டபத்துக்குப் பேருந்து ஏறியிருக்கிறான். சரக்கறையில் இப்போதைக்குப் பொட்டுக்கடலை மூட்டை அடுக்கியிருக்கிறது.